அமார்ஃபஸ் சிலிக்கான் சோலார் செல்லின் திறனைக் கூட்டுவது எப்படி? எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று சொல்லும் முழுமையான வழிகாட்டி

பிஇசிவிடி கருவியில் (பிளாஸ்மா உதவியோடு வாயுவிலிருந்து படலம் வளர்க்கும் கருவி), டிசிஓ (ஒளி புகும், மின்சாரம் கடத்தும் ஆக்சைடு) பூசிய கண்ணாடி மேல் பி-ஐ-என் வகை அமார்ஃபஸ் (படிக ஒழுங்கில்லாத) சிலிக்கான் செல் வளர்க்கும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பி (p) என்பது போரான் சேர்த்த அடுக்கு, ஐ (i) எதுவும் சேர்க்காத, ஒளியை உறிஞ்சும் நடு அடுக்கு, என் (n) பாஸ்பரஸ் சேர்த்த அடுக்கு. செல் வேலை செய்கிறது, ஆனால் 5 அல்லது 6 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். கரண்ட் குறைவாக வந்தால் உடனே ஐ அடுக்கைத் தடிமனாக்குகிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் போரானைக் கூட்டுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ரெசிபி நாற்பது முறை மாறியிருக்கும், எந்த மாற்றத்தால் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்திருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

1. இலக்கு எண்களை முதலில் எழுதி ஒட்டுங்கள்

ஒற்றைச் சந்தி அமார்ஃபஸ் செல்லுக்கு, வெயிலில் வைக்கும் முன் அளந்தால், திறந்த சுற்று மின்னழுத்தம் 0.85 முதல் 0.92 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 15 முதல் 17 மில்லிஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (முதல் இரண்டையும் பெருக்கி வரும் எண்ணில் உண்மையில் கிடைக்கும் மின்திறனின் பங்கு) 0.70 முதல் 0.74 வரை வந்தால் அது நல்ல செல். மூன்றையும் பெருக்கினால் தொடக்கத் திறன் ஏறக்குறைய 9 முதல் 11.5 சதவீதத்துக்குள் அமையும்.

ஆனால் இந்தப் பொருள் ஒளி பட்டதும் தளரும். 1977இல் ஸ்டேப்லரும் ரான்ஸ்கியும் கண்டறிந்த விளைவு அது. நல்ல செல்லே தொடக்கத் திறனில் 15 சதவீதத்தை இழக்கலாம், தடிமனான செல் 30 சதவீதம் வரை இழக்கும். ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வகம் ஒளியூட்டலுக்குப் பின் காட்டிய நிலைத்த திறனே 10.2 சதவீதம்தான். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் தொடக்கத் திறன், நிலைத்த திறன் என்று இரண்டு பத்திகள் போடுங்கள். தீர்ப்பு எப்போதும் இரண்டாவதைப் பார்த்துத்தான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதுகாப்பு முதலில். சிலிக்கான் தரும் வாயுவான சைலேன் காற்றைத் தொட்டாலே தீப்பற்றும். போரானும் பாஸ்பரஸும் தரும் டைபோரேன், பாஸ்பீன் இரண்டும் மிகக் குறைந்த அளவிலேயே உயிரைப் பறிக்கும் நச்சு. வாயு கசிவு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, வெளியேறும் வாயுவைச் சுத்திகரிக்கும் ஸ்க்ரப்பர் ஓடுகிறதா, குழாய்களை நைட்ரஜனால் ஊதிச் சுத்தம் செய்யும் பர்ஜ் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். இரவில் தனியாக இருந்து ரன் போடாதீர்கள். பம்ப் குழாயில் தங்கும் பழுப்புப் பொடியும் காற்றுப் பட்டால் எரியக்கூடும். பம்பைத் திறக்கும் முன் நீண்ட நேரம் பர்ஜ் செய்வது அதனால்தான்.

அளவீட்டுக்கு: சோலார் சிமுலேட்டர், இருட்டு மின்னோட்ட அளவீடு, குவாண்டம் திறன் அளவீடு (ஒவ்வொரு அலைநீளத்திலும் விழும் ஒளியில் எவ்வளவு பங்கு மின்னோட்டமாகிறது என்று பார்ப்பது), படலத் தடிமன் பார்க்க ஒரு ப்ரொஃபைலோமீட்டர். இவற்றில் குவாண்டம் திறன் அளவீடு கிடைக்காவிட்டால் பக்கத்து நிறுவனத்திலாவது நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் செல்லைத் திருத்துவது எக்ஸ்ரே இல்லாமல் எலும்பைக் கட்டுவது போல.

சிமுலேட்டரில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் படிகச் சிலிக்கான் ரெஃபரன்ஸ் செல்லை வைத்து ஒளியைச் சரிசெய்தால், அது அகச்சிவப்பையும் சேர்த்துக் கணக்கிடும். அமார்ஃபஸ் செல்லுக்கோ சுமார் 750 நானோமீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. அகச்சிவப்பைத் தடுக்கும் கேஜி5 வடிகட்டி போட்ட ரெஃபரன்ஸ் செல்லைப் பயன்படுத்துங்கள். அப்புறம் சிமுலேட்டர் தரும் மின்னோட்டத்தை, குவாண்டம் திறனை ஏஎம்1.5ஜி என்ற நிலையான சூரிய நிறமாலையோடு தொகுத்து வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் 3, 4 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் முதலில் அளவீட்டைத் திருத்த வேண்டும்.

செல்லின் பரப்பளவும் அப்படித்தான். பின்பக்க உலோகத்தின் ஓரத்தைத் தாண்டியும் கொஞ்சம் மின்னோட்டம் சேகரமாகும். சிறிய செல்லில் இது பெரிய பிழை. உலோகத்தைச் சுற்றியுள்ள சிலிக்கானைப் பிளாஸ்மாவில் அரித்து எடுங்கள், அல்லது ஒளிக்கு முகமூடி வையுங்கள்.

3. ஒரே செல்லை மூன்று முறை வளர்த்துக் காட்டுங்கள்

எதையும் மேம்படுத்தும் முன், இருக்கும் ரெசிபியை மாற்றாமல் மூன்று தனித்தனி நாட்களில் ஓட்டுங்கள். மூன்று நாள் சராசரியும் அரை சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் நாளை செய்யும் மாற்றத்தின் பலன் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். இந்த ஒரு வாரத்தைத் தவிர்க்கத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

ஒத்துவராததற்குப் பெரும்பாலும் கண்ணாடிதான் காரணம். டிடர்ஜென்ட், டீஅயனைஸ்டு தண்ணீர், அசிட்டோன், ஐசோப்ரோப்பனால் என்று அல்ட்ராசானிக்கில் கழுவி, நைட்ரஜனில் உலர்த்திய பிறகு, கூடவே கழுவிய வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் மெல்ல ஊதுங்கள். மூச்சின் ஈரம் ஒரே சீராகப் படர்ந்து, ஒரே சீராக மறைய வேண்டும். திட்டுத் திட்டாக மறைந்தால் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி கழுவுங்கள். செல்லுக்கான துண்டின் மேல் மட்டும் ஊதாதீர்கள்.

வளர்ந்து முடிந்த படலத்தை, உலோகம் பூசும் முன், விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறப் படலத்தின் நடுவே ஊசிமுனைப் புள்ளிகளாய் வெளிச்சம் தெரிந்தால், தூசு விழுந்து படலத்தில் துளை விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தத் துளை வழியே உலோகம் டிசிஓவைத் தொட்டால் செல் ஷார்ட்தான். சேம்பர் சுவரில் பொடி சேர்ந்திருக்கலாம், அல்லது கண்ணாடியை ஏற்றும் இடத்தில் தூசு இருக்கலாம். ஒரு மாணவர் இரண்டு மாதம் ஷார்ட் செல்களோடு போராடினார். கடைசியில், கண்ணாடியை வைக்கும் தாங்கியின் விளிம்பில் பழைய படலம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. தாங்கியைச் சுத்தம் செய்ததும் 16 செல்களில் 14 பிழைத்தன.

சேம்பரின் அடிப்படை வெற்றிடம் 10⁻⁶ டாரோ அதற்குக் கீழோ போக வேண்டும். ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஐ அடுக்கில் கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ அணுக்களை நெருங்கினால் ஃபில் ஃபேக்டர் விழத் தொடங்கும்.

4. பழுது எந்த அடுக்கில் என்று செல்லிடமே கேளுங்கள்

ஒருநாள் ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, ஷன்ட் அதிகமா இருக்கு, துளை விழுந்திருக்கும்போல" என்றார். ஷன்ட் என்றால் செல்லுக்குள்ளேயே மின்னோட்டம் கசியும் குறுக்குவழி. மின்னோட்ட-மின்னழுத்த வளைகோட்டின் இடதுபக்கம் சரிந்துதான் இருந்தது. சிமுலேட்டர் முன் வடிகட்டி வைத்து ஒளியை நூறில் ஒரு பங்காக்கி மறுபடி அளக்கச் சொன்னேன். சரிவு மறைந்துவிட்டது. துளையே இல்லை. ஐ அடுக்கில் எலெக்ட்ரானும் அதன் நேர்மின் இணையான துளையனும் வெளியேறும் முன் மீளிணைந்துகொண்டிருந்தன.

இந்தச் சோதனையைப் பழக்கமாக்குங்கள். ஒளியைக் குறைக்கும்போது இடதுபக்கச் சரிவிலிருந்து கணக்கிடும் மின்தடை அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போனால் அது மீளிணைவு, மருந்து ஐ அடுக்கிலும் அதன் எல்லைகளிலும் இருக்கிறது. மின்தடை ஒரு மதிப்பில் நின்றுவிட்டால் அது உண்மையான ஷன்ட், படி 3க்குத் திரும்புங்கள்.

அடுத்தது குவாண்டம் திறனை இரண்டு முறை அளப்பது: சும்மா 0 வோல்ட்டில் ஒன்று, எதிர்த்திசையில் 1 வோல்ட் கொடுத்து ஒன்று. எதிர்மின்னழுத்தம் சேகரிப்புக்கு உதவுவதால், எங்கே எண் கூடுகிறதோ அங்கேதான் மின்னூட்டங்கள் தொலைந்துகொண்டிருந்தன. நீலத்தில், அதாவது 400 முதல் 450 நானோமீட்டரில் கூடினால் பி-ஐ எல்லையில் பழுது, ஏனென்றால் நீல ஒளி முதல் சில பத்து நானோமீட்டரிலேயே முடிந்துவிடும். சிவப்பில், 600க்கு மேலே கூடினால் ஐ அடுக்கின் தரமோ அதிகத் தடிமனோ காரணம். நீலம் குறைந்திருக்கிறது, ஆனால் எதிர்மின்னழுத்தத்தால் மாறவில்லை என்றால், ஒளியை பி அடுக்கோ டிசிஓவோ விழுங்குகிறது. சிவப்பு அப்படிக் குறைந்திருந்தால் பின்பக்கப் பிரதிபலிப்பு போதவில்லை.

வளைகோட்டின் வலதுபக்கம், திறந்த சுற்றுப் புள்ளியருகே, மின்தடை 4 முதல் 6 ஓம் சதுர சென்டிமீட்டர் என்றால் நல்லது. 10ஐத் தாண்டினாலோ கோடு எஸ் வடிவில் வளைந்தாலோ, டிசிஓவும் பி அடுக்கும் தொடும் இடத்தைச் சந்தேகியுங்கள்.

5. ஐ அடுக்கைத் தனிக் கண்ணாடியில் சரிசெய்யுங்கள்

செல்லுக்குள் வைத்து ஐ அடுக்கைத் திருத்தாதீர்கள். வெறும் கண்ணாடியிலும் சிலிக்கான் வேஃபரிலும் தனியாக வளர்த்து அளந்தால் பதில் ஒரு நாளில் கிடைக்கும்.

தொடங்குவதற்கு நல்ல இடம்: 13.56 மெகாஹெர்ட்ஸ், 180 முதல் 220 டிகிரி வெப்பம், 0.3 முதல் 1 டார் அழுத்தம், பிளாஸ்மா நிற்கும் அளவுக்குக் குறைந்த மின்திறன், நொடிக்கு 0.1 முதல் 0.2 நானோமீட்டர் வளர்ச்சி. வேகமாக வளர்க்க மின்திறனைக் கூட்டினால் சைலேன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக் கனமான துகள்களாகிப் படலத்தில் வந்து ஒட்டும். அவை நுண்வெற்றிடங்களை விட்டுச்செல்லும். ஒளித்தளர்ச்சி கூடுவதும் அங்கேதான். ஏஐஎஸ்டி ஆய்வாளர்கள் மின்முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வலையை வைத்து அந்தத் துகள்களைத் தடுத்தார்கள். வளர்ச்சி மிக மெதுவானது, நிலைத்த திறன் ஏறியது.

நான்கு எண்களைப் பாருங்கள். இருட்டில் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 10⁻¹⁰ சீமென்ஸ் அளவிலோ கீழோ இருக்க வேண்டும். ஒளியில் அது லட்சம் மடங்கு ஏற வேண்டும். கிளர்வு ஆற்றல் 0.8 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், குறைந்தால் ஏதோ மாசு அதை டோப் செய்கிறது. வேஃபரில் வளர்த்த துண்டை அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தால், 2000 செ.மீ⁻¹ இல் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிய சிலிக்கானும் 2090 அருகே இரண்டு ஹைட்ரஜன் ஒட்டிய சிலிக்கானும் தெரியும். இரண்டின் கூட்டில் 2090இன் பங்கு பத்தில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் படலம் நெருக்கமாக வளர்ந்திருக்கிறது.

அப்புறம்தான் ஹைட்ரஜன் கலப்பு. சைலேனோடு ஹைட்ரஜனைப் படிப்படியாகக் கூட்டினால் படலம் ஒழுங்கடைந்து, ஒளித்தளர்ச்சி குறையும். ஒரு எல்லைக்கு மேல் நுண்படிகங்கள் முளைத்துவிடும், மின்னழுத்தம் சட்டென்று விழும். அந்த எல்லைக்குச் சற்று முன்னால் நிற்பதுதான் குறி. எல்லை எங்கே என்பது ஒவ்வொரு சேம்பருக்கும் வேறு. வேறொருவரின் ஆய்வுக்கட்டுரையில் உள்ள விகிதத்தை அப்படியே எடுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் பலர். படலம் தடிக்கத் தடிக்கப் படிகம் முளைக்கும் என்பதையும் மறக்காதீர்கள். 100 நானோமீட்டரில் பார்த்து முடிவு செய்யாமல், செல்லில் வைக்கப்போகும் தடிமனிலேயே, படிகம் இருக்கிறதா என்று காட்டும் ராமன் நிறமாலை எடுங்கள்.

6. பி அடுக்கும் அதன் இரண்டு எல்லைகளும்

என் கணக்கில் கூடுதல் திறனின் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதிகப் பொறுமையும் இங்கே வேண்டும்.

பி அடுக்கு ஒளி நுழையும் வாசல். அதில் உறிஞ்சப்படும் ஒளி கிட்டத்தட்ட முழுவதும் வீண். அதனால் மீத்தேன் சேர்த்து, சிலிக்கான் கார்பைடாக்கி, பட்டை இடைவெளியை 2 எலெக்ட்ரான் வோல்ட் அருகே கொண்டுபோகிறோம். தடிமன் 10 நானோமீட்டர் அளவு. நொடிக்கு 0.1 நானோமீட்டர் வேகம் என்றால் இந்த அடுக்கு முழுவதும் 100 நொடியில் முடிந்துவிடும். பிளாஸ்மா பற்றுவதற்கு 10 நொடி தாமதித்தால் தடிமனில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதனால் வாயு ஓட்டம் நிலைத்த பிறகே பிளாஸ்மாவைப் பற்றவையுங்கள், பற்றிய நொடியிலிருந்து கடிகாரத்தைத் தொடங்குங்கள். கண்ணாடியை மறைக்கும் ஷட்டர் இருந்தால் அதை மூடிவைத்துப் பற்றவைப்பது இன்னும் நல்லது.

போரான் எவ்வளவு? குறைத்தால் மின்னழுத்தம் வராது. கூட்டினால் படலம் குறைபாடுகளால் நிறைந்து, பட்டை இடைவெளியும் சுருங்கும், நீலம் போய்விடும். 8, 10, 12, 15 நானோமீட்டர் என்று தடிமனை மாற்றி ஒரு வரிசை, அப்புறம் போரானை மாற்றி ஒரு வரிசை. இரண்டையும் ஒரே ரன்னில் மாற்றாதீர்கள்.

முதல் எல்லை டிசிஓ பக்கம். டின் ஆக்சைடு கண்ணாடி என்றால், ஹைட்ரஜன் மிகுந்த பிளாஸ்மா அதை ஒடுக்கி உலோகத் தகரமாக்கும், கண்ணாடி மங்கலாகும். பி அடுக்குக்கு முன் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் "சுத்தம்" செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஜிங்க் ஆக்சைடு இதைத் தாங்கும். ஆனால் அமார்ஃபஸ் கார்பைடு பி அடுக்கு அதன் மேல் நேராக உட்கார்ந்தால் தொடர்பு மோசமாக அமைந்து, கோடு எஸ் வடிவில் வளையும். நடுவே மிக மெல்லிய நுண்படிக பி அடுக்கு ஒன்று வைத்தால் வளைவு நிமிரும்.

இரண்டாவது எல்லை ஐ பக்கம். கார்பைடிலிருந்து ஒரேயடியாக ஐ அடுக்குக்குத் தாவினால், அந்த இடத்தில் குறைபாடுகள் குவியும். மீத்தேனைப் படிப்படியாகக் குறைத்து, ஹைட்ரஜன் மிகக் கலந்து, சில நானோமீட்டர் தடிமனில் போரான் இல்லாத கார்பைடு இடையடுக்கு (பஃபர்) ஒன்றை வளர்த்தால் மின்னழுத்தமும் நீலமும் சேர்ந்து ஏறும். ஐந்து நானோமீட்டருக்கு மேல் போனால் பொதுவாக ஃபில் ஃபேக்டர் இறங்கத் தொடங்கும்.

ஒரே சேம்பரில் எல்லா அடுக்கும் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: சுவரில் ஒட்டிய போரான் ஐ அடுக்குக்குள் கசியும். பி முடிந்ததும் நீண்ட பம்பிங் செய்வது குறைந்தபட்ச மருந்து. அமோனியாவோ நீராவியோ கொஞ்ச நேரம் செலுத்தி மிச்ச டைபோரேனைச் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு. ஒவ்வொரு செல்லுக்கும் முன் சுவரின் மேல் ஐ அடுக்கையே கொஞ்சம் வளர்த்து மூடிவிடுங்கள், முந்தைய ரன்னின் பாஸ்பரஸ் அடுத்த செல்லின் பி அடுக்கைக் கெடுக்காது.

7. என் (n) அடுக்கும் பின்பக்கமும்

என் அடுக்கு 20 நானோமீட்டர் போதும். அதிகம் தொல்லை தராது.

பின்பக்கம் வெறும் அலுமினியம் பூசியிருந்தால், அதை மாற்றுவதுதான் குறைந்த உழைப்பில் கிடைக்கும் மின்னோட்டம். என் அடுக்குக்கும் உலோகத்துக்கும் நடுவே 80 முதல் 100 நானோமீட்டர் ஜிங்க் ஆக்சைடு, அதன் மேல் வெள்ளி. ஒருமுறை கடந்தும் உறிஞ்சப்படாத சிவப்பு ஒளி திரும்பி வரும். ஜிங்க் ஆக்சைடு ஸ்பட்டர் செய்யும்போது (அயனிகளால் அடித்து அணுக்களைத் தெறிக்கவிட்டுப் பூசும் முறை) மின்திறனை அடக்கிவையுங்கள், அயனி அடி என் அடுக்கைக் கெடுக்கும். பூசிய பிறகு 150 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் தொடர்பு சீராகும்.

முன்பக்கம் சொரசொரப்பான டிசிஓ வேண்டும். ஸ்பட்டர் செய்த ஜிங்க் ஆக்சைடை 0.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில பத்து நொடிகள் நனைத்தால் பள்ளங்கள் உருவாகி ஒளியைச் சாய்த்து அனுப்பும். பள்ளத்தின் அடி கூர்மையாக இருந்தால் அங்கே சிலிக்கான் விரிசலோடு வளரும், மின்னழுத்தமும் ஃபில் ஃபேக்டரும் விழும். மின்னோட்டம் கூடியதைப் பார்த்து மகிழும் முன் மற்ற இரண்டையும் பாருங்கள்.

8. தடிமனைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம். ஐ அடுக்கு மெலிதானால் உள்ளே மின்புலம் வலுவாக இருக்கும், ஒளித்தளர்ச்சிக்குப் பிறகும் மின்னூட்டங்கள் வெளியே வந்து சேரும். தடித்தால் தொடக்க மின்னோட்டம் கூடும், நிலைத்த திறன் குறையும். ஒளியைச் சிறைப்பிடிக்கும் வேலை முடிந்துவிட்டதால், இப்போது மெலிதான அடுக்கிலேயே போதுமான மின்னோட்டம் கிடைக்கும்.

200, 250, 300, 350 நானோமீட்டரில் நான்கு செல்கள் வளர்த்து, நான்கையும் ஒளியூட்டுங்கள் (முறை படி 9இல்). தொடக்கத்தில் 300 அல்லது 350 முன்னிலையில் இருக்கும். ஒளியூட்டிய பிறகு 200, 250 முந்திவிடுவதை நீங்களே பார்க்கலாம்.

9. ஒளியூட்டிய பிறகே வெற்றி என்று எழுதுங்கள்

ஒரு சூரிய ஒளி, 50 டிகிரி செல் வெப்பம், திறந்த சுற்று நிலை, 1000 மணி நேரம். இதுதான் வழக்கம். செல்லைத் திறந்த சுற்றில் வைப்பதற்குக் காரணம், அந்த நிலையில்தான் மீளிணைவும் தளர்ச்சியும் அதிகம். 1, 10, 100, 300, 1000 மணி நேரத்தில் அளந்து, நேரத்தை மடக்கை அளவில் வரையுங்கள். முதல் 100 மணியிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும்.

செல்லின் வெப்பத்தை உண்மையிலேயே அளங்கள். விளக்கடியில் செல் 80 டிகிரிக்குப் போனால் தளர்ச்சி ஓரளவு தானே ஆறிவிடும், உங்கள் எண் பொய்யாக அழகாக இருக்கும்.

முடிந்ததும் செல்லை இருட்டில் 150 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கி மறுபடி அளக்க வேண்டும். பழைய திறன் திரும்பினால் நீங்கள் கண்டது ஸ்டேப்லர்-ரான்ஸ்கி விளைவு, மருந்து படி 5இலும் 8இலும் இருக்கிறது. திரும்பாவிட்டால் வேறேதோ அரித்துக்கொண்டிருக்கிறது: வெள்ளி பரவியிருக்கலாம், ஈரம் ஏறியிருக்கலாம், உலோகத் தொடர்பு உரிந்திருக்கலாம். அப்போது ஐ அடுக்கைத் தொடாமல் படி 7க்குப் போங்கள்.